ஸ்டென்ட் வைத்த பிறகு இரட்டை மாத்திரை: முதல் நாளிலிருந்து நிறுத்தும் நாள் வரை

இதயக் குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைத்திருக்கும் சிறு உலோக வலை) வைத்து வீடு திரும்புபவரின் மருந்துச் சீட்டில் ஏழெட்டு மாத்திரைகள் இருக்கும். கொழுப்புக்கு, ரத்த அழுத்தத்துக்கு, சர்க்கரைக்கு, வயிற்றுக்கு என்று வரிசை நீளும். எல்லாமே தேவையானவைதான். ஆனால் அவற்றில் இரண்டை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று ஆஸ்பிரின். இன்னொன்று குளோபிடோக்ரெல், டிகாக்ரெலார், பிராசுக்ரெல் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று. இந்த இரண்டையும் முதல் சில வாரங்களில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து குழாய் சட்டென்று அடைத்துக்கொள்ளலாம். அப்படி அடைத்தால் அது பெரும்பாலும் பெரிய மாரடைப்பாகவே வரும், உயிரும் போகலாம்.

அதற்காக இவற்றை ஆயுளுக்கும் சேர்த்தே விழுங்க வேண்டும் என்பதில்லை. இரண்டு தவறுகளும் சகஜமாக நடக்கின்றன. சிலர் பல் பிடுங்க வேண்டியிருக்கிறது என்று இரண்டையும் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் ஒரு வருடத்தில் முடிய வேண்டியதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதற்காகவே பல வருடம் தொடர்ந்து, ஒரு நாள் வயிற்றில் ரத்தக் கசிவோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். எந்த மாத்திரையை, எந்தத் தேதியில், யார் சொல்லி நிறுத்துவது என்பது முதல் நாளிலேயே எழுத்தில் இருந்தால் இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்கலாம்.

படி 1: ஏன் இரண்டு என்று புரிந்துகொள்ளுங்கள்

ஆஞ்சியோபிளாஸ்டியில் பலூனை விரிக்கும்போது ரத்தக் குழாயின் உள்சுவர் காயப்படுகிறது. அந்த இடத்தில் ஒரு உலோக வலையை வைக்கிறார்கள். காயத்தையும் அந்நியப் பொருளையும் கண்டால் ரத்தத் தட்டணுக்கள் ஓடி வந்து ஒட்டிக்கொண்டு உறைகட்டியை உருவாக்கும். கையில் வெட்டுப்பட்டால் நம்மைக் காப்பாற்றும் அதே வேலைதான், ஆனால் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள இதயக் குழாயில் அது ஆபத்து. நாளடைவில் உள்சுவரின் செல்கள் வளர்ந்து உலோகத்தை மூடிவிடும். அதுவரை தட்டணுக்களைக் கட்டுப்படுத்தி வைக்க வேண்டும்.

தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளப் பல வழிகள் உண்டு. ஆஸ்பிரின், திராம்பாக்ஸேன் என்ற வேதிப்பொருள் உருவாவதைத் தடுக்கிறது. இரண்டாவது மாத்திரை, தட்டணுவின் மேற்பரப்பில் இருக்கும் பி2ஒய்12 என்ற ஏற்பியை அடைக்கிறது. ஒரு வழியை மட்டும் அடைத்தால் இன்னொரு வழியாக வேலை நடந்துவிடும்.

இது அனுபவத்தில் கற்ற பாடம். மனித இதயத்தில் முதல் ஸ்டென்ட் 1986-ல் வைக்கப்பட்டது. ஆரம்ப வருடங்களில் ஸ்டென்ட் அடைப்பது பெரும் தலைவலியாக இருந்தது. ஆஸ்பிரினோடு வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்கசிவு கூடியதே தவிர அடைப்பு போதிய அளவு குறையவில்லை. 1998-ல் வெளியான ஸ்டார்ஸ் ஆய்வில் 1,653 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் 30 நாட்களில் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை, குழாயில் உறைகட்டி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 3.6 சதவீதம், ஆஸ்பிரினும் வார்ஃபரினும் எடுத்தவர்களில் 2.7 சதவீதம். ஆஸ்பிரினோடு, குளோபிடோக்ரெல் வகையைச் சேர்ந்த பழைய மருந்தான டிக்ளோபிடின் எடுத்தவர்களில் வெறும் 0.5 சதவீதம். டிக்ளோபிடின் சிலருக்கு வெள்ளணுக்களைக் குறைத்ததால் அதன் இடத்துக்கு குளோபிடோக்ரெல் வந்தது. இரட்டை மாத்திரை முறை அப்படியே நிலைத்துவிட்டது.

படி 2: உங்கள் இரண்டாவது மாத்திரை எது?

ஆஸ்பிரின் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றேதான்: தினம் ஒரு முறை, 75 முதல் 100 மில்லிகிராம். கூடுதல் அளவு எடுத்தால் கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதில்லை, வயிறுதான் கெடும். இரண்டாவது மாத்திரையில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு.

குளோபிடோக்ரெல் தினம் 75 மில்லிகிராம், ஒரே வேளை. மாரடைப்பு இல்லாமல், திட்டமிட்டு ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக இதுதான். இது வயிற்றுக்குள் போனதும் வேலை செய்யாது. கல்லீரலில் உள்ள சிஒய்பி2சி19 என்ற நொதி இதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி பலவீனமாக இருக்கும், அவர்களிடம் மருந்தின் வேகமும் குறையும்.

டிகாக்ரெலார் 90 மில்லிகிராம், காலையும் இரவும். மாரடைப்போடு வந்தவர்களுக்கு அதிகம் தரப்படுவது. கல்லீரலின் உதவி இல்லாமலே வேலையைத் தொடங்கிவிடும். 2009-ல் வெளியான பிளேட்டோ ஆய்வில், ஒரு வருடத்துக்குள் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றின் மொத்த விகிதம் குளோபிடோக்ரெல் எடுத்தவர்களிடம் 11.7 சதவீதம், டிகாக்ரெலார் எடுத்தவர்களிடம் 9.8 சதவீதம். இதன் விளைவு சீக்கிரம் வடிந்துவிடும் என்பதால் இரவு வேளையை மறப்பது இங்கே கனமான விஷயம். முன்பு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களுக்கு இது கூடாது.

டிகாக்ரெலார் எடுப்பவர்களில் சிலருக்கு மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். பெரும்பாலும் தொடங்கிய சில நாட்களிலேயே வரும், லேசாக இருக்கும், பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். நுரையீரலோ இதயமோ கெட்டுப்போனதால் வருவதல்ல இது. ஆனால் உண்மையான இதயக் கோளாறும் மூச்சுத்திணறலாக வரும் என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். தாங்க முடியவில்லை என்றால் அவர் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார். பயந்து நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

பிராசுக்ரெல் தினம் 10 மில்லிகிராம். 60 கிலோவுக்குக் குறைந்த எடை உள்ளவர்களுக்கு 5 மில்லிகிராம். 75 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், கொடுத்தால் 5 மில்லிகிராம். பக்கவாதமோ, வந்து போன தற்காலிகப் பக்கவாதமோ ஏற்பட்டவர்களுக்கு இதைத் தரவே கூடாது. பழைய பக்கவாதத்தைச் சொல்ல மறந்திருந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு சிக்கலைக் கவனியுங்கள். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவதுண்டு. கொழுப்பு மாத்திரையும் சேர்த்து மூன்றாக வருவதும் உண்டு. மறக்காமல் எடுக்க இது வசதிதான். ஆனால் தனி ஆஸ்பிரினும் வீட்டில் இருந்தால் இரண்டு மடங்கு போய்விடும். குளோபிடோக்ரெலை மட்டும் நிறுத்தச் சொல்லும்போது சேர்ப்பு மாத்திரையை நிறுத்தினால் ஆஸ்பிரினும் சேர்ந்து நின்றுவிடும். அட்டையின் பின்புறம் மருந்தின் பெயரைப் படியுங்கள், கம்பெனிப் பெயரை வைத்து அடையாளம் காணாதீர்கள்.

படி 3: ஒரு தாளில் எழுதி வையுங்கள்

டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள்: ஸ்டென்ட் வைத்த தேதி, எத்தனை, எந்தக் குழாயில், மருந்து பூசியதா வெறும் உலோகமா, மாரடைப்புக்காக வைத்ததா திட்டமிட்டு வைத்ததா, இரண்டு மாத்திரைகளின் பெயரும் அளவும். கடைசியாக, எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்துவது, அதன்பின் எது தொடரும். கடைசிக் கேள்விக்கு "அப்புறம் பார்க்கலாம்" என்ற பதில் வந்தால், எந்த மாதத்தில் பார்க்கலாம் என்றாவது வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வையுங்கள்.

படி 4: தினசரி எடுப்பது, மறந்தால் செய்வது

தினமும் ஒரே நேரம். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். ஸ்டாக் இல்லாமல் இடைவெளி விழுவதும் நிறுத்துவதும் தட்டணுவுக்கு ஒன்றுதான். பயணத்தில் மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியோடு அனுப்பிவிடாதீர்கள்.

குளோபிடோக்ரெலை மறந்து 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில் எடுங்கள். டிகாக்ரெலார் ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையை அதன் நேரத்தில் எடுத்தால் போதும். எதையும் ஈடுகட்டுவதற்காக இரண்டாகப் போடக்கூடாது. ஒரு நாளுக்கு மேல் தவறிவிட்டது என்றால், அதிலும் முதல் மாதத்தில், வெட்கப்படாமல் இதய மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். வாந்தி நிற்காமல் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆஸ்பிரின் ஒரு தட்டணுவை முடக்கினால் அது ஆயுள் முடியும் வரை முடங்கியேதான் இருக்கும். தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாட்கள். குளோபிடோக்ரெலும் பிராசுக்ரெலும் இப்படித்தான். ஆகவே ஒரு வேளை தவறியதும் எல்லாம் போச்சு என்று பதற வேண்டாம். ஆனால் தினமும் புதிய தட்டணுக்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அடுத்தடுத்து சில நாட்கள் விட்டால் அவை போதுமான எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.

படி 5: வயிற்றையும் மற்ற மருந்துகளையும் கவனிப்பது

இரட்டை மாத்திரையால் ரத்தக்கசிவு அதிகம் ஏற்படும் இடங்களில் ஒன்று இரைப்பை. வயதானவர்கள், முன்பு வயிற்றுப் புண் இருந்தவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து எழுதுவார்கள். அதை "கேஸ் மாத்திரைதானே" என்று விட்டுவிடாதீர்கள், இங்கே அது காவல் மாத்திரை. குளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்கு இதில் ஒரு நுணுக்கம்: ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அதே சிஒய்பி2சி19 நொதியைத் தடுத்து குளோபிடோக்ரெலைப் பலவீனப்படுத்தக்கூடும். பேன்டோபிரசோலில் அந்தத் தொந்தரவு மிகக் குறைவு. கடையில் மாற்றிக் கொடுத்தால் பெயரைப் பாருங்கள்.

வலி மாத்திரைகள்தான் அடுத்த பெரிய ஆபத்து. இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் வகையறாவை மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் தாமே வாங்கிப் போடுவது வழக்கமாகிவிட்டது. இவை ரத்தக்கசிவைக் கூட்டும். இபுபுரோஃபன் போதாக்குறைக்கு ஆஸ்பிரினின் வேலையையே தடுக்கும். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

டிகாக்ரெலார் எடுப்பவர்கள் எந்தப் புது மருந்து எழுதினாலும் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் போன்றவை அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின், கார்பமசெபின் அதை இறக்கிவிடும். சிம்வாஸ்டாட்டினும் லோவாஸ்டாட்டினும் 40 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கிங்கோ, பூண்டு கேப்சூல், அதிக அளவு மீன் எண்ணெய் போன்ற துணை மருந்துகளையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

படி 6: ரத்தம் வந்தால்

தோலில் சின்னச் சின்ன நீலத் தழும்பு, பல் துலக்கும்போது ஈறில் கொஞ்சம் ரத்தம், சவரக் காயம் நிற்க நேரமாவது: இவை எதிர்பார்க்கக்கூடியவைதான். மருந்து வேலை செய்யும்போது இப்படி நடக்கும். மென்மையான பிரஷ்ஷுக்கும் மின்சார ரேசருக்கும் மாறிக்கொண்டால் போதும். மூக்கில் ரத்தம் வந்தால் முன்பக்கம் குனிந்து மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், அடிக்கடி விட்டுப் பார்க்காதீர்கள்.

மலம் தார்போல் கருப்பாகப் போவது, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற துகளோ வருவது, சிறுநீர் சிவப்பது, இதுவரை இல்லாத கடும் தலைவலி, பேச்சுக் குழறுவது, தலையில் அடிபடுவது, நிற்காத ரத்தப்போக்கு: இவற்றில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் மலம் கருக்கும் என்பதால் குழப்பம் வரலாம். சந்தேகம் இருந்தால் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. மெதுவாகக் கசிவது கண்ணில் படாமல் களைப்பாக, படி ஏறும்போது இளைப்பாக மட்டும் தெரியும். ஆகவே சோதனைக்குப் போகும்போது ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெண்கள் பலர் வெளியே சொல்லாத ஒன்று, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாவது. தாங்கிக்கொண்டும் இருக்க வேண்டாம், அந்த நாட்களில் மட்டும் மாத்திரையை விடவும் வேண்டாம். இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து இதற்கு வழி செய்ய முடியும்.

டெங்கு போன்ற காய்ச்சலில் தட்டணுக்கள் வெகுவாகக் குறையும்போது இந்த மாத்திரைகளைத் தற்காலிகமாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டி வரலாம். அதை வீட்டில் முடிவு செய்ய முடியாது. காய்ச்சல் பார்க்கும் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக ஸ்டென்ட் வைத்த தேதியைச் சொல்லுங்கள்.

படி 7: பல் சிகிச்சை, ஆபரேஷன் என்று வந்தால்

மாத்திரைகள் காரணமில்லாமல் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். பல் சுத்தம் செய்வது, அடைப்பது, ஒன்றிரண்டு பற்களைப் பிடுங்குவது ஆகியவற்றுக்கு இரட்டை மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. பஞ்சு வைத்து அழுத்துவது, தையல் போடுவது, டிரானெக்சாமிக் அமிலத்தால் வாய் கொப்பளிப்பது போன்றவற்றால் ரத்தத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். சாதாரணக் கண்புரை ஆபரேஷனுக்கும் பொதுவாக நிறுத்துவதில்லை.

தள்ளிப்போடக்கூடிய பெரிய ஆபரேஷன் என்றால் தள்ளிப்போடுவதே சரி: திட்டமிட்டு வைத்த ஸ்டென்ட் என்றால் 6 மாதம், மாரடைப்புக்காக வைத்தது என்றால் 12 மாதம். புற்றுநோய் போன்ற, அவ்வளவு நாள் காத்திருக்க முடியாத நிலையில் முதல் ஒரு மாதத்தையாவது தாண்ட முயல்வார்கள். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் இரண்டாவது மாத்திரையை மட்டும் நிறுத்துவார்கள்: டிகாக்ரெலார் 3 முதல் 5 நாட்கள் முன்பு, குளோபிடோக்ரெல் 5 நாட்கள் முன்பு, பிராசுக்ரெல் 7 நாட்கள் முன்பு. ஆஸ்பிரின் தொடரும். மூளை, தண்டுவடம் போன்ற, சொட்டு ரத்தம்கூடக் கசியக்கூடாத இடங்களில் மட்டும் அதையும் நிறுத்த நேரலாம்.

"மாத்திரைக்குப் பதிலாக ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் இதய மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹெப்பாரின் ரத்தம் உறைவதன் வேறொரு கட்டத்தைத் தடுக்கிறது. தட்டணுக்களை அது அடக்காது, ஸ்டென்ட்டுக்கு மாற்றுப் பாதுகாப்பும் ஆகாது. ஆபரேஷன் முடிந்து மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்ற தேதியையும் ஆபரேஷனுக்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்னவர் தொடங்கச் சொல்ல மறப்பது உண்டு.

படி 8: எவ்வளவு காலம்?

மாரடைப்பு இல்லாமல் திட்டமிட்டு மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவருக்கு வழக்கமாக 6 மாதம். மாரடைப்போடு வந்தவருக்கு 12 மாதம். ரத்தக்கசிவு அபாயம் அதிகம் உள்ளவருக்கு 1 முதல் 3 மாதத்திலேயே ஒன்றைக் குறைத்துவிடலாம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருப்பது, தட்டணு ஒரு லட்சத்துக்குக் குறைவது, சிறுநீரகம் மிகவும் பழுதடைந்திருப்பது, முன்பு மூளையில் ரத்தம் கசிந்திருப்பது, நடப்பில் உள்ள புற்றுநோய் ஆகியவை அந்த அபாயத்தின் அடையாளங்கள். வயது 75-க்கு மேல் என்றால் அதையும் கணக்கில் சேர்ப்பார்கள்.

நீட்டினால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதற்கு 2014-ல் வந்த டாப்ட் ஆய்வு நல்ல கணக்கு தருகிறது. முதல் ஒரு வருடத்தைச் சிக்கலின்றித் தாண்டிய 9,961 பேரில் ஒரு பாதி இரட்டை மாத்திரையை 30 மாதம் வரை தொடர்ந்தது, மறுபாதி ஆஸ்பிரினோடு நின்றது. ஸ்டென்ட் அடைப்பு தொடர்ந்தவர்களில் 0.4 சதவீதம், நிறுத்தியவர்களில் 1.4 சதவீதம். குறிப்பிடத்தக்க ரத்தக்கசிவு தொடர்ந்தவர்களில் 2.5, நிறுத்தியவர்களில் 1.6. இதில் எந்தப் பக்கம் கனம் என்பது ஒவ்வொருவரின் உடலைப் பொறுத்தது. பல ஸ்டென்ட், சர்க்கரை நோய், மீண்டும் வந்த மாரடைப்பு என்றிருந்து, ரத்தக்கசிவு அபாயமும் குறைவாக இருந்தால் நீட்டுவதில் அர்த்தம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஆறே மாதத்தில் நிறுத்தினார் என்பதை வைத்து உங்களுடையதை முடிவு செய்ய முடியாது.

இதயத் துடிப்புச் சீரின்மைக்காக அபிக்சபான், ரிவராக்சபான், வார்ஃபரின் போன்றவற்றை ஏற்கெனவே எடுப்பவர்களின் வழி தனி. அந்த உறைவுத் தடுப்பு மருந்தும் இரட்டை மாத்திரையுமாக மூன்றும் சேர்ந்திருக்கும் காலத்தைப் பெரும்பாலும் ஒரு வாரத்தோடு முடித்துவிடுவார்கள், அடைப்பு அபாயம் மிகுந்தவர்களுக்கு ஒரு மாதம் வரை போகும். பிறகு ஆஸ்பிரினை எடுத்துவிட்டு, உறைவுத் தடுப்பு மருந்தும் குளோபிடோக்ரெலும் 6 அல்லது 12 மாதம். அதன்பின் உறைவுத் தடுப்பு மருந்து மட்டும். இவர்களில் யாராவது மாதக்கணக்கில் மூன்றையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தால் அடுத்த சோதனை வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

படி 9: நிறுத்தும் நாள்

எது நிற்கும் என்பதை ஊகிக்காதீர்கள். பழைய வழக்கம், இரண்டாவது மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பிரினை ஆயுளுக்கும் தொடர்வது. இப்போது சிலருக்கு ஆஸ்பிரினை முதலில் எடுத்துவிட்டு மற்றதைத் தொடரச் சொல்கிறார்கள். 2019-ல் வெளியான ட்வைலைட் ஆய்வில், முதல் 3 மாதத்துக்குப் பிறகு டிகாக்ரெலார் மட்டும் எடுத்தவர்களில் அடுத்த ஒரு வருடத்தில் ரத்தக்கசிவு 4.0 சதவீதம், இரண்டையும் தொடர்ந்தவர்களில் 7.1 சதவீதம். மரணமும் மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்த கணக்கில் இரு குழுவும் சமம், 3.9 சதவீதம். ஆகவே "ஒன்றை நிறுத்துங்கள்" என்று காதில் விழுந்தால் எந்தப் பெயர் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மீதி இருக்கும் அட்டையை வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். சேர்ப்பு மாத்திரை எடுத்தவர்கள் தொடர வேண்டியதைத் தனி மாத்திரையாக அன்றே வாங்கிவிடுங்கள், நடுவில் ஒரு நாளும் வெறுமையாகப் போகக்கூடாது.

நிறுத்திய பின் நெஞ்சுவலி, அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதையும், இடையில் எத்தனை நாள் விட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தத் தகவலை வைத்துத்தான் ஸ்டென்ட் அடைத்திருக்குமோ என்று அவர்கள் சில நிமிடங்களில் முடிவெடுப்பார்கள். பின்னாளில் இன்னொரு ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால் பழைய கணக்கு செல்லாது, புதிய தேதியிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கும்.